வானத்தைத் திருத்த முனைந்தோர்

கோள்களுக்கு அஞ்சி வாழ்ந்த சமூகம் நம்முடையது. செவ்வாய் என்றதும் நம் பெற்றோர்க்கு நினைவு வந்தது பெண்ணின் ஜாதகக் கட்டம். சனி என்றதும் ஏழரை ஆண்டுத் துன்பம். இத்தகைய வழியில் வந்த நாம், ஒரு கோளைக் குளிர்விக்கலாம், மற்றொன்றைச் சூடாக்கலாம், வேண்டுமாயின் வியாழனையே விளக்காக ஏற்றிவிடலாம் என்று கூறும் ஆங்கில நாவல்களைப் படிக்குங்கால் முதற்கண் உண்டாவது பெருமிதமே. அஞ்சிக் கிடந்தவன் அளக்கத் தொடங்கிவிட்டான் அல்லவா! அப்பெருமிதம் நூலின் கடைசி ஏடுவரை நிலைக்கின்றதா என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வானத்தில் குறை காணும் வழக்கம் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில் காஸ்டீல் நாட்டை ஆண்ட பத்தாம் அல்பான்சோ, வான நூற் கணக்குகளைத் தொகுப்பித்த மன்னன். உலகைப் படைத்தபோது தன்னைக் கலந்திருந்தால் இதனினும் எளிதாக அமைக்க வழி சொல்லியிருப்பேன் என்று அவன் கூறியதாக ஒரு கதை வழங்குகின்றது. வட்டத்தின்மேல் வட்டமாக வரைந்த பழைய கணக்கைக் கண்டு சலித்தவன் வேறென்ன சொல்வான்? பிழை வானத்தில் இல்லை, கணக்கில்தான் இருந்தது என்பது மூன்று நூற்றாண்டு கழித்தே தெளிவாயிற்று.

மன்னனை விடுவோம். உயிர் தழைக்கவும் மனிதன் ஊர் ஊராகச் செல்வதுபோல் கோள் கோளாகச் செல்லவும் ஏற்ற ஒரு குடும்பத்தைச் சூரியனைச் சுற்றி அமைக்கச் சொன்னால் எப்படி அமைப்போம்? இவ்விரண்டு விருப்பமும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதே முதலில் எதிர்ப்படும் உண்மை. கோள் பெரிதாயின் காற்றைப் பிடித்து வைக்கும். ஆயின் அதைவிட்டு ஏறுவது அரிதாகும். நம் நிலவுலகை விட்டு நீங்கவே ஒரு பொருள் நொடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கொள்ளவேண்டும். இன்னும் சற்றுப் பருத்த உலகில் நாம் பிறந்திருந்தால், இன்றைய ராக்கெட்டுகளால் ஏறவே இயலாது போயிருக்கும். அயற்கோள்கள் அருகருகே இருந்தால் பயணம் எளிது. அத்தகைய குடும்பம் ஒன்று 40 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கவே இருக்கின்றது. டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கிய செந்நிற விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்று 2017-இல் அறிவித்தனர். ஏழும் நம் புதனின் பாதைக்குள் அடங்கிவிடும். கடைசிக் கோளுக்கு ஓர் ஆண்டென்பது 19 நாள். ஒரு கோளில் நின்றால் அடுத்த கோள் நம் திங்களினும் பெரிதாகத் தோன்றும் வேளைகள் உண்டாம். கேட்க இனிதுதான். ஆயினும் அவ்வகை விண்மீன்கள் சீறிக் கனல் கக்குபவை. அதன் உட்கோளில் காற்று இல்லை, அல்லது மிகச் சிறிதே உண்டு என்று 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டியது. அயல்வீடு நன்று, அடுப்புத்தான் கொடிது.

நம் வானம் பயணத்துக்கு முற்றும் ஆகாததா என்றால், அதுவும் இல்லை. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும் ஏறத்தாழ 175 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பயணத்தில் எட்டத்தக்கவாறு வரிசைப்படுகின்றன. அவ்வாய்ப்பைப் பற்றி 1977-இல் புறப்பட்ட வாயேஜர்-2, ஒவ்வொரு கோளின் ஈர்ப்பையும் உந்துகோலாகக் கொண்டு 1989-இல் நெப்டியூனைக் கடந்தது. திருத்தம் சொல்லுமுன் இருப்பதை நன்கு படித்தவர்களின் வெற்றி அது.

இனி நாவல்கள். லாரி நிவன் 1970-இல் எழுதிய 'வளைய உலகம்' கோள்களையே வேண்டாமென்று தள்ளிவிடுகின்றது. சூரியன் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றி மாபெரும் நாடா ஒன்று. அதன் உட்புறத்தில் மலை, கடல், காடு. பரப்போ நம் நிலவுலகைப்போல் முப்பது இலட்சம் மடங்கு. படித்தவர் மயங்கினர். ஆயின் அப்படிப்பட்ட வளையம் நிலைகொள்ளாது, சற்றே நழுவினாலும் போய் விண்மீனில் மோதும் என்று 1971-இல் பாஸ்டனில் கூடிய மாநாட்டில் கல்லூரி மாணவர்கள் முழக்கமிட்டனர். ஆசிரியர் 1980-இல் அடுத்த நாவல் எழுதி, வளையத்தின் விளிம்பில் உந்துபொறிகளைப் பொருத்த நேர்ந்தது. (முதற்பதிப்பில் நம் உலகமே எதிர்ப்புறமாகச் சுழன்றது என்பதும் பிறகு திருத்தப்பட்டது. வானத்தைத் திருத்துவோர்க்கும் அச்சுத் திருத்துவோர் தேவை போலும்!) இப்பிழைகளை நாம் பெரிதாகக் கருதவில்லை. அந்நூலின் உண்மையான வன்மை வேறிடத்தில் இருக்கின்றது. அவ்வுலகில் நாகரிகம் ஒருமுறை வீழ்ந்தது, மீண்டும் எழவில்லை. மண்ணைத் தோண்டினால் தாது இல்லை, கட்டுமானத் தகடே தட்டுப்படும். அண்டையில் வேறு கோளும் இல்லை. இருக்க இடம் அளவிறந்து கிடைத்தது. போக இடம் இல்லாதொழிந்தது. வசதிக்காகவே வரையப்பட்ட உலகம் தன் மக்களைச் சிறைப்படுத்தியது என்பதை நிவன் அறிந்தே எழுதினார். அறிந்தும் அதில் தங்காமல் அடுத்த சாகசத்துக்கு ஓடிவிடுகிறார் என்பதே நம் குறை.

பிற கோளை நிலவுலகைப்போல் ஆக்குவதற்கு இன்று வழங்கும் 'டெராபார்மிங்' என்னும் ஆங்கிலச் சொல்லை 1942-இல் ஒரு கதையில் முதன்முதல் ஆண்டவர் ஜாக் வில்லியம்சன். சொல் பிறக்குமுன்பே பொருள் பிறந்துவிட்டது. ஓலாப் ஸ்டேபிள்டன் 1930-இல் வெளியிட்ட 'கடைசி மனிதரும் முதல் மனிதரும்' என்னும் நூலில், திங்கள் நிலவுலகை நெருங்கி வருவதால் மனிதர் வெள்ளிக்குக் குடிபெயர நேர்கின்றது. அங்கே மூச்சுவிடக் காற்று வேண்டும். கடல்நீரை மின்சாரத்தால் பிரித்து உயிர்வாயு எடுக்கின்றனர். அக்கடலில் முன்பே அறிவுள்ள உயிர்கள் வாழ்கின்றன! அவை எதிர்க்கின்றன. மனிதர் அவற்றை அடியோடு அழிக்கின்றனர்.

இப்பகுதியை ஸ்டேபிள்டன் சில ஏடுகளிலேயே முடித்துவிடுகிறார். வீரம் பேசவில்லை; கண்ணீரும் வடிக்கவில்லை. வேறு வழியில்லை என்று கொன்றவர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதையும், பின்னர் அப்பழி அவர்கள் உள்ளத்தை அரித்ததையும், வரலாற்று நூல் எழுதுவார்போல் எழுதிச் செல்கிறார். இரண்டு நூறு கோடி ஆண்டுக் கதையில் இச்சிறு பகுதியே நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்கின்றது. அவர் காட்டிய வெள்ளி உண்மை வெள்ளியன்று. அங்கே கடல் இல்லை. 460 பாகை வெப்பமும் நம்மைப்போல் 90 மடங்கு காற்றழுத்தமுமே உண்டு. பாசியைத் தூவி வெள்ளியைத் திருத்தலாம் என்று 1961-இல் எழுதிய கார்ல் சேகனும், பிற்காலத்தில் அத்திட்டம் செல்லாதென ஒப்புக்கொண்டார். விஞ்ஞானம் பழசாகியும் நாவல் பழசாகவில்லை. அதில் விலை மறைக்கப்படவில்லை என்பதே காரணம்.

விலையை மறைத்த நூலுக்கும் எடுத்துக்காட்டு வேண்டுமே! 1956 முதல் 2008-இல் மறையும்வரை இலங்கையிலே வாழ்ந்த ஆர்தர் கிளார்க், 1982-இல் '2010' என்னும் நாவலை வெளியிட்டார். மனிதரினும் மேம்பட்ட ஆற்றல்கள் வியாழனைச் சுருக்கி ஒரு சிறு சூரியனாக எரியவிடுகின்றன. அதன் துணைக்கோளான யுரோப்பாவின் பனி உருகுகின்றது. பனிக்கடியில் ஒடுங்கிக் கிடந்த உயிர்களுக்கு ஒளி கிடைக்கின்றது. மனிதர் அங்கே இறங்கலாகாதென்று ஆணையும் பிறக்கின்றது. அழகிய கற்பனை என்பதில் ஐயமில்லை. யுரோப்பாவின் பனிக்கடியில் கடல் உண்டென்பதற்குப் பின்னாளில் வலுவான சான்றுகள் கிட்டின. அதனை ஆராய 2024-இல் கிளிப்பர் என்னும் கலமும் புறப்பட்டது.

ஆனால் வியாழனின் மேகங்களில் மிதந்து வாழ்ந்த உயிர்களையும் கிளார்க்கே நமக்குக் காட்டினார். மலைபோன்ற உருவங்கள் காற்றில் மேய்ந்து திரிவதை வியந்து வியந்து வருணித்தார். அவை இனி முன்னேற மாட்டா என்று தீர்ப்பாயிற்று. விளக்கேற்றிய அன்றே அவை வெந்தன. அவற்றுக்காக நூல் நிற்கவில்லை. உயிரை வளர்ப்போர் தோட்டக்காரர், களையும் பறித்தாகவேண்டும் என்ற எண்ணத்திலே கிளார்க் அமைதி காண்கிறார். இங்கேதான் நம் வாசகர் அவரோடு பிரிகின்றனர். தோட்டம் என்னும் சொல்லை நாம் வேறு பொருளில் கற்றவர்கள். காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எது பயிர், எது களை என்பதை மண்வெட்டி பிடித்தவன் முடிவு செய்ததில்லை, கங்காணியும் செய்ததில்லை. அது துரையின் பங்களாவில் முடிவாயிற்று. கிளார்க்கின் தோட்டக்காரர் வாழும் பங்களா மிக உயரத்தில் இருக்கின்றது, அவ்வளவே.

கிம் ஸ்டான்லி ராபின்சன் செவ்வாயைப்பற்றி எழுதிய மூன்று நாவல்களை, 'செஞ்செவ்வாய்' (1992), 'பசுஞ்செவ்வாய்' (1993), 'நீலச்செவ்வாய்' (1996) ஆகியவற்றை, நாம் இவ்வரிசையில் உயர்வாக வைப்போம். காரணம் ஒரு பெண். ஆன் கிளேபோர்ன் என்னும் நிலநூலாள், செவ்வாயை ஒருவரும் தொடலாகாது என்கிறாள். அங்கே அழிபட உயிரும் இல்லை. கல்லும் மணலுமே உள்ளன. கல்லுக்காக வாதாட ஒருத்தியை நிறுத்தி, அவளைப் பித்தியாக்காமல், எதிர்ப்பக்கத்துச் சாக்ஸ் ரஸ்ஸல் என்னும் விஞ்ஞானியின் வாதத்துக்குச் சமமான வலிமையும் தந்தது ராபின்சனின் பெருமை. காற்றைத் திருத்துவது யாருடைய பணத்தால், யாருடைய உழைப்பால், யாருடைய ஊதியத்துக்காக என்னும் வினாக்களையும் அவர் தட்டிக் கழிக்கவில்லை. கம்பெனிகள் வருகின்றன, கிளர்ச்சி வருகின்றது, விண்ணுக்கு ஏறக் கட்டிய வடம் அறுந்து கோளையே சுற்றி வீழ்கின்றது.

குறைகள் இல்லாமலில்லை. கற்களின் வகைகளை ஏடு ஏடாக விரிப்பதில் நம் பொறுமை சோதிக்கப்படுகின்றது. இரண்டு நூற்றாண்டுக் கதையை ஒரே பாத்திரங்களைக்கொண்டு நடத்த, முதுமையை ஒத்திவைக்கும் மருந்து ஒன்றைப் புகுத்தியது ஆசிரியரின் வசதிக்கேயன்றி வேறெதற்குமில்லை. விஞ்ஞானமும் அவரைக் கைவிட்டது: செவ்வாயில் கிடைக்கக்கூடிய கரியமில வாயு முழுவதையும் விடுவித்தாலும் கோளைச் சூடாக்கப் போதாது என்று 2018-இல் இருவர் கணக்கிட்டு வெளியிட்டனர். மண்ணில் பெர்குளோரேட் என்னும் நச்சுப்பொருள் கலந்திருப்பதை 2008-இலேயே பீனிக்ஸ் கலம் கண்டது.

இத்தனைக்குப் பிறகும் மூன்றாம் நாவலின் கடைசிப் பகுதியை நாம் இருமுறை படித்தோம். சாக்ஸும் ஆனும் முதுமையில் ஒரே படகில் ஏறி, அவன் உண்டாக்கிய, அவள் வேண்டாமென்ற கடலில் செல்கின்றனர். வென்றது அவன்தான், ஆயினும் தான் அழித்தது இன்னதென அறிய அவளிடமே பாடம் கேட்கிறான். முடிவில் அக்கடற்கரையில் குழந்தைகள் மணலில் விளையாடுகின்றனர். ஆன் அவர்கள் நடுவே இருக்கிறாள். அவள் மன்னித்துவிட்டாளா என்று ராபின்சன் சொல்லவில்லை.