இருபத்தைந்து வரிகளில் ஓர் ஆள்

அமெரிக்காவின் வட கரோலைனாவில், டர்ஹம் நகரில் இருக்கிறது டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபுக்வா வணிகப் பள்ளி. அங்கே எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிப்பவர்களிடம் பல ஆண்டுகளாக ஒரு கட்டுரை கேட்கிறார்கள். கட்டுரை என்பது பேருக்குத்தான். கேட்பது ஒரு பட்டியல்: உங்களைப் பற்றி, மனம் போன போக்கில், 25 விஷயங்கள். எண் போட்டு எழுத வேண்டும். சில வரிகள் ஓரிரு சொற்களில் நிற்கலாம், சில நீளலாம். மொத்தம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பப் படிவம் என்ற வறண்ட உலகத்தில் இப்படி ஒரு பூந்தோட்டமா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

அது பிறந்த விதத்திலேயே ஒரு கனிவு இருக்கிறது. அந்தப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்குப் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால், தம்மைப் பற்றி 25 விஷயங்களை எழுதி மற்றவர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். படிப்பும் அனுபவமும் ஏற்கெனவே தெரிந்தவை; ஆள் எப்படி என்று தெரிய வேண்டாமா? அந்த வழக்கத்தைத்தான் விண்ணப்பதாரர்கள் வரை நீட்டினார்கள். (2009இல் ஃபேஸ்புக் முழுக்க இதே 25 விளையாட்டு பரவிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும்.) தாங்கள் எழுதிப் பார்த்த ஒன்றையே பிறரிடம் கேட்பதில் உள்ள பண்பு எனக்கு மிகவும் பிடித்தது.

இனி, அந்த எண்ணிக்கையின் நுட்பத்தைப் பாருங்கள். பத்து என்று கேட்டிருந்தால் பதக்கங்களும் பதவி உயர்வுகளுமே இடத்தை நிரப்பியிருக்கும். 25 அப்படி விடாது. பதினைந்தை நெருங்குவதற்குள் பெருமை பேசக் கைவசம் இருந்த சரக்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆள் மெல்ல வெளியே வருகிறார்.

ஒரு தணிக்கையாளரைக் கற்பனை செய்துகொள்வோம். நாலாவது வரியில், மூன்று ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடித்ததாக எழுதுகிறார். நல்லது, கெட்டிக்காரர். பதினேழாவது வரிக்கு வாருங்கள்: “சாப்பிட்ட இடத்தில் பில் வந்தால் கூட்டிப் பார்க்க மாட்டேன். அப்பா ஒவ்வொரு தடவையும் கூட்டுவார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.”

கொஞ்சம் இங்கேயே நில்லுங்கள். நாலுக்கும் பதினேழுக்கும் இடையே எத்தனை வரிகள் கடந்துவிட்டன! ஆனாலும் ஒன்றையொன்று எவ்வளவு ஆசையாக எட்டிப் பார்க்கின்றன! ஊரார் கணக்கையெல்லாம் துருவுகிறவர் தன் தட்டுக்கு வந்த கணக்கை ஏன் பார்ப்பதில்லை என்பதற்கு அந்த அம்மாவின் குனிந்த தலை போதும். “இதனால் நான் கற்றுக்கொண்டது” என்று அவர் தொடங்கவே இல்லை. அந்த அடக்கம்தான் எழில்.

பதினெட்டாவது வரி என்ன தெரியுமா? “விசிலடிக்கத் தெரியாது.” அவ்வளவே. தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் வந்து விழுந்த இடம்! வீட்டு விஷயத்தைச் சற்று அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று கூசி, சட்டென்று பேச்சை மாற்றும் ஒரு மனிதரின் குரல் அதில் கேட்கிறது. நீளமும் குறுக்கமும் இப்படித் தோள் உரசி நிற்க இடம் தந்த விதியை எழுதியவர் யாராயினும், அவர் ரசிகர்.

பயணத்தைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். “பன்னிரண்டு நாடுகள் பார்த்தவன்” என்பது பாஸ்போர்ட்டுக்குத் தெரிந்த செய்தி. “எந்த ஊருக்குப் போனாலும் முதலில் முடிவெட்டும் கடையில் போய் உட்காருவேன், பாஷை தெரியாத ஓர் ஊரில் மொட்டையே அடித்துவிட்டார்கள்” என்பதில்தான் ஆளின் துணிச்சல், அசட்டுத்தனம், முன்பின் தெரியாதவர் கையில் தலையைக் கொடுக்கும் நம்பிக்கை எல்லாம் ஒருசேர மணக்கின்றன.

ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளி தன் விண்ணப்பதாரர்களிடம் கேட்கும் புகழ்பெற்ற கேள்வி, உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன் என்பது, கம்பீரமானது. நியூயார்க்கின் ஸ்டெர்ன் பள்ளி ஆறு படங்களும் அவற்றுக்கு ஒவ்வொரு வரி விளக்கமும் கேட்பதும் அழகே. இருந்தாலும் கம்பீரமான கேள்விக்கு முன் மனிதர்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்கிறார்கள். பட்டியலுக்கு முன் அப்படியில்லை.

கடைசி வரியில் பலர் தடுமாறுவார்கள். “ஆகவே ஃபுக்வாவே எனக்கேற்ற இடம்” என்று மாலை போட்டு முடிப்பார்கள். பாவம், அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மேடையேறிவிடுகிறார். நம் தணிக்கையாளர் இறங்கியே நிற்கிறார்: “இந்தப் பட்டியலைத் தங்கையிடம் காட்டினேன். ஒன்பதாவது பச்சைப் பொய் என்றாள். எடுக்கவில்லை.” படிக்கிறவர் பக்கத்தைப் பின்னால் திருப்பாமல் இருக்க முடியுமா? ஒன்பதாவது வரி: “எனக்குக் கோபமே வராது.”