தாம்பாள நிலாவும் காசு நிலாவும்

பௌர்ணமி மாலையில் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கீழ்வானில் செம்மஞ்சளாக நிலா தலைகாட்டியதும் "எவ்வளவு பெரிசு பார்!" என்று குரல்கள் எழும், கூடவே கைப்பேசிகளும் எழும். அடுத்த நிமிடமே திரையைப் பார்த்தவர் முகம் சுருங்கிவிடும். தாம்பாளம் போல நின்ற நிலா, படத்தில் சுண்ணாம்புப் பொட்டாக விழுந்திருக்கும். கேமரா சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டு எல்லாரும் சுண்டல் வாங்கப் போய்விடுவார்கள். கேமராவின்மேல் பாதிப் பழிதான் போடலாம். அகன்ற லென்ஸ் எதையும் சிறுக்கத்தான் செய்யும். ஆனால் அதே கைப்பேசியில், அதே ஜூமில், நிலா எழும்போது ஒன்று, நள்ளிரவில் அது உச்சிக்கு வந்ததும் ஒன்று என இரண்டு படம் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு நிலாவும் ஏறக்குறைய ஒரே அகலம்தான். கீழே தாம்பாளமாகவும் மேலே காசாகவும் நாம் கண்ட வித்தியாசம் படத்தில் இருக்காது. அது வானத்தில் நடந்த மாற்றமில்லை, நமக்குள் நடந்தது. நிலா பார்ப்பதன் பெரிய சுவையே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கேமராவைக்கூட நம்பாதவர்களுக்குச் சுண்டுவிரல் போதும். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தை நிலாவின்மேல் பிடித்தால் நிலா காணாமல் போய்விடும். நகத்தின் முழு அகலம்கூட அதற்கு வேண்டாம். நிலாவின் கோண அளவு சுமார் அரை டிகிரிதான். சில மணி நேரம் கழித்து உச்சி நிலாவை இதே விரலால் மறைத்தால் அதே கதைதான். கணக்காகப் பார்த்தால் விஷயம் தலைகீழ். நிலா அடிவானில் இருக்கும்போது, தலைக்கு மேலே இருக்கும்போதைவிடப் பூமியின் ஆரத்தளவு, அதாவது ஏறத்தாழ 6,400 கி.மீ., நம்மிடமிருந்து கூடுதலாக விலகியிருக்கிறது. சராசரித் தொலைவு 3,84,000 கி.மீ. என்பதால், எழும் நிலா உண்மையில் ஒன்றரை சதவீதம்போலச் சிறியது. காற்றுமண்டலம் பூதக்கண்ணாடிபோலப் பெரிதாக்குகிறது என்று 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி எழுதினார். இன்றும் பலர் அதையே சொல்கிறார்கள். காற்று செய்வது வேறு. அடிவானத்தில் ஒளியை வளைத்து, நிலாவை மேலிருந்து கீழாகச் சற்றே நசுக்குகிறது. சிவப்பு நிறம் காற்றின் உபயம். பருமனில் அதற்குப் பங்கில்லை. 'சூப்பர் மூன்' என்று செய்தித்தாள்கள் கொண்டாடும் நாளிலும், மிக அருகே வந்த நிலாவுக்கும் மிக விலகிய நிலாவுக்கும் குறுக்களவில் வித்தியாசம் 14 சதவீதம் அளவுதான். எந்தச் சாதாரணப் பௌர்ணமியும் நம் தலைக்குள் இதைவிடப் பெரிதாக வீங்கிவிடுகிறது. சூப்பர் மூன் என்று தனியே ஒரு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சரி, தலைக்குள் என்னதான் நடக்கிறது? கண்ணில் விழும் பிம்பத்தை வைத்து மட்டும் ஒரு பொருளின் அளவைச் சொல்ல முடியாது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். மூன்று மீட்டரில் நிற்பவர் ஆறு மீட்டருக்கு நகர்ந்தால் கண்ணில் அவர் பிம்பம் பாதியாகிவிடுகிறது. ஆனால் ஆள் குள்ளமாகிவிட்டதாக யாருக்கும் தோன்றுவதில்லை. தூரம் கூடியதற்கு ஈடாக மூளை அளவையும் கூட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த வேலை எவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது என்பதை நாளைக் காலையே குளியலறைக் கண்ணாடியில் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தைச் சோப்பு நுரையால் வரையுங்கள். நெற்றியிலிருந்து மோவாய்வரை அளந்தால் அது உங்கள் முகத்தில் சரிபாதி. எவ்வளவு பின்னால் நகர்ந்து நின்று வரைந்தாலும் பாதிதான். இத்தனை வருடம் தினமும் பாதி முகத்தைப் பார்த்துப் பவுடர் பூசியிருக்கிறோம். சந்தேகம் வந்ததே இல்லை. இன்னொரு சோதனைக்கு ஒரு பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு வேண்டும். வெள்ளைத்தாளில் ஒட்டி, வெளிச்சத்தில் அரை நிமிடம் கண்ணசைக்காமல் பாருங்கள். பிறகு உள்ளங்கையைப் பார்த்தால் அதில் சின்னதாக ஒரு பச்சை நிழல்பொட்டு மிதக்கும். எதிர்ச்சுவரைப் பார்த்தால் அதுவே பெரிதாகிவிடும். விழித்திரையில் சோர்ந்த இடம் ஒன்றேதான், மாறியது தூரம் மட்டும். 1881இல் எமில் எம்மெர்ட் என்ற சுவிஸ் கண் மருத்துவர் விதியாக எழுதிவைத்தது இதைத்தான்.

இதே கணக்கை வானத்துக்குக் கொண்டுபோங்கள். அடிவானத்துக்கும் நமக்கும் நடுவே வயல், மரம், வீடு, மின்கம்பம் என்று வரிசையாகக் கிடக்கின்றன, போகப்போகச் சிறுக்கின்றன. அவற்றுக்கெல்லாம் அப்பால் நிற்கும் நிலா வெகுதொலைவில் இருப்பதாக மூளை பதிவுசெய்கிறது. தலைக்கு மேலே அப்படி எந்த மைல்கல்லும் இல்லை. உச்சிவானம் கிட்டத்தில் கவிந்ததுபோலவே படுகிறது. ஒரே பிம்பம், இரண்டு தூரம்: எனவே தூரத்து நிலா பெரிது. காற்றை விட்டுவிட்டுப் பார்வையிலேயே காரணம் தேடியவர், 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் ஒளியியல் பற்றிப் பெருநூல் எழுதிய இப்னு அல்-ஹைதம். 1962இல் அமெரிக்காவில் லாயிட் காஃப்மனும் இர்வின் ராக்கும் கண்ணாடிகளின் துணையோடு வானத்தில் செயற்கை நிலாக்களைக் காட்டி, பார்ப்பவர்களையே அளவைப் பொருத்தச் சொன்னார்கள். அடிவான நிலா ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்குவரை பெரிதாகத் தோன்றியது. நடுவே கிடக்கும் நிலக்காட்சியை மறைத்தபோது அந்தப் பெருமை பெரும்பாலும் கரைந்துபோனது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு தாளைக் குறுகலான குழாயாகச் சுருட்டி, சுற்றியிருக்கும் எதுவும் தெரியாதபடி எழும் நிலாவை அதற்குள் பிடியுங்கள். தாம்பாளம் சட்டென்று காசாகும். தாளை எடுத்ததும் மறுபடி தாம்பாளம். யாரும் பார்க்கவில்லை என்றால் நிலாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே பார்க்கலாம். அப்போதும் பலருக்கு நிலா இளைத்துத் தெரியும். குனிந்து கால்நடுவே பார்த்தால் பொருள்கள் எப்படித் தெரிகின்றன என்று ஆராய்ந்த ஜப்பானியர் இருவருக்கு 2016இல் இக் நோபெல் பரிசே கிடைத்தது. சிரிப்புக்குத் தரும் பரிசுதான். ஆராய்ச்சி சிரிப்புக்குரியதல்ல.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். தூரமாகத் தோன்றுவதால்தான் பெரிதாகத் தெரிகிறது என்றால், எழும் நிலாவைப் பார்த்து ஏன் எல்லாரும் 'எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது' என்கிறார்கள்? நல்ல கேள்வி, இந்த விளக்கத்தின் புண்ணே அதுதான். தூரக்கணக்கு நமக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது, பெரிதாகத் தெரிந்த பிறகு 'பெரிசாக இருக்கிறதே, கிட்டத்தில்தான் இருக்கும்' என்று வாய் சொல்வது இரண்டாவது தீர்ப்பு என்பது இந்தத் தரப்பின் பதில். மறுதரப்போ தூரத்தையே விட்டுவிட்டு, அடிவானில் சிறுத்துத் தெரியும் மரங்களின் பக்கத்தில் நிற்பதால்தான் நிலா பெரிதாகிறது என்கிறது. அகன்ற வெறும் வானத்தில் அதுவே தனிப்பட்டுச் சிறுக்கிறதாம். வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு முதல் பதில் சற்றே கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. ஆனாலும் பொட்டுச் சோதனையையும் சோப்பு முகத்தையும் பார்த்தபின் தூரத்தை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்று உண்டு: பெரிதாக்குவது நிலாவோ காற்றோ கண்வில்லையோ அல்ல. கண் தந்ததை வைத்துக்கொண்டு மூளை போடும் கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதை 'அறியாமல் செய்யும் அனுமானம்' என்ற பொருள்படச் சொன்னார்.

அதற்காக, 'எண்ணம்போல் வாழ்வு. பெரிதாக நினைத்தால் பெரிதாகத் தெரியும்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நிலா சொல்வது நேர் எதிர். காட்சியை உருவாக்குவது ஒருவகை யோசனைதான். ஆனால் அது நம் பேச்சைக் கேட்கிற யோசனை இல்லை. கண்ணால் காண்பது பொய், தீர விசாரிப்பதே மெய் என்கிறது பழமொழி. தீர விசாரித்தாயிற்று: நகத்தால் அளந்தோம், குழாயில் பார்த்தோம், கிலோமீட்டர்க் கணக்கும் போட்டோம். நிமிர்ந்து பார்த்தால் அப்போதும் தாம்பாளமேதான். நம் விருப்பமும் நம்பிக்கையும் கண்முன் தெரிவதையே மாற்றிவிடும் என்று காட்டவந்த பல ஆய்வுகளை 2016இல் ஃபயர்ஸ்டோன், ஷோல் என்ற இருவர் சல்லடை போட்டுச் சலித்து, பெரும்பாலானவை நிற்கவில்லை என்று வாதிட்டார்கள். எல்லா உளவியலாளரும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் நிலாவின் முன் நிற்கும்போது அவர்கள் பக்கமே சாயத் தோன்றுகிறது. காரணம் சொன்னால் அழகு போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மந்திரவாதியின் சூட்சுமம் தெரிந்தால் வித்தை செத்துப்போகும். இந்த வித்தை எத்தனை முறை அம்பலப்பட்டாலும் நடந்துகொண்டே இருக்கும். வியப்பும் விவரமும் ஒரே நேரத்தில் கைக்குக் கிடைக்கும் இடங்கள் அதிகம் இல்லை.

ஆகவே நேரம், இடம் பார்த்துப் போங்கள். பௌர்ணமியன்று நிலா ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்தில் எழும். முதல் நாள் முக்கால் மணி நேரம்போல முன்னதாக, மறுநாள் அதே அளவு தாமதமாக. பௌர்ணமியன்றே போவது நல்லது. நிலமும் மரமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் மிச்சமிருக்கும். சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்கக் கூட்டம் நெரியும். என்னைக் கேட்டால், கிழக்கே நீண்டு கிடக்கும் வயல்வெளியோ, வரிசையாக வீடுகள் தெரியும் மொட்டைமாடியோ கடலைவிட மேல். கூட வருபவரிடம் நிலா எவ்வளவு பெரிதென்று கேளுங்கள். ஒருவர் தட்டு என்பார், இன்னொருவர் வண்டிச்சக்கரம் என்பார். சண்டை வேண்டாம், தூரம் சொல்லாத அளவுக்கு அலகு கிடையாது. முதலில் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். அப்புறம்தான் நகம், குழாய் எல்லாம். நிலா உயர உயர எந்த இடத்தில் காசாகிறது என்று கவனித்தால், அந்தக் கணத்தைப் பிடிக்கவே முடியாது. உறங்கிவிட்டு விடியலுக்குச் சற்று முன் எழுந்து மேற்கே பாருங்கள்: இரவெல்லாம் காசாகக் கிடந்தது, தென்னைகளை நெருங்க நெருங்க மறுபடி பருத்துக்கொண்டிருக்கும்.