அண்டிகைதெரா கருவியும் அல்-பீரூனியின் சந்திரப் பேழையும்

கிரேக்கத் தீவான அண்டிகைதெராவின் அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 1901இல் மீட்கப்பட்ட வெண்கலக் கருவியைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே முடிவில் வந்து நிற்கின்றனர். அத்தகைய பற்சக்கர நுட்பம் பின்னர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் எங்கும் தோன்றவில்லை, ஐரோப்பியத் தேவாலயக் கடிகாரங்களில்தான் மீண்டும் தலைகாட்டியது என்பது அம்முடிவு. இதை நாம் ஏற்பதற்கில்லை.

கருவியின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. எஞ்சியவை 82 துண்டுகள், அவற்றுள் 30 பற்சக்கரங்கள். 2005இல் எடுத்த ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் மறு ஆண்டு வெளியிட்ட முடிவுகள் வியப்பூட்டுபவை. ஒரு சக்கரத்தில் 223 பற்கள். கிரகணங்கள் திரும்பிவரும் 223 சந்திர மாதங்களின் கணக்கு அது. சந்திரன் ஒருபோது விரைந்தும் ஒருபோது தயங்கியும் செல்வதைக் காட்ட, மையம் சற்றே விலகிய இரு சக்கரங்களை அமைத்திருக்கிறார்கள். ஒன்றில் நிற்கும் முளை மற்றொன்றின் நீள்பிளவுக்குள் நகர்கிறது. 223 என்ற எண்ணோ பாபிலோனியர் கண்டது.

அதன்பின் மௌனமா? கி.பி. 1000ஐ ஒட்டி, உஸ்துர்லாப் பற்றிய தம் நூலில் அல்-பீரூனி பற்சக்கர நாட்காட்டி ஒன்றை விவரிக்கிறார். சந்திரப் பேழை என்பது அதன் பெயர். அதில் 59 பற்களையுடைய சக்கரம் உண்டு: 29ம் 30ம் சேர்ந்த இரு மாதங்கள். முத்தாபுதுப்பேட்டையில் 29ஆம் நாள் மஃரிபுக்குப் பின் மாடியேறி மேற்கே பிறை தேடும் நமக்கு இக்கணக்கு அந்நியமன்று. (பொறி பிறையைக் காண்பதில்லை, எண்ணத்தான் செய்கிறது என்பதையும் நாம் அறிவோம்.) இது ஏட்டோடு நின்றுவிடவுமில்லை. ஹிஜ்ரி 618இல், அதாவது 1221-22இல், இஸ்ஃபஹானைச் சேர்ந்த முஹம்மத் இப்னு அபீபக்கர் செய்த உஸ்துர்லாப் தன் சக்கரங்களோடு ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுமையாக எஞ்சிய பற்சக்கரப் பொறிகளில் அதுவே மிகப் பழையது. அண்டிகைதெரா கருவியை 1974இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய டெரிக் பிரைஸே இவ்விரண்டையும் எடுத்துப் பேசியவர்தாம். அவரை மேற்கோள் காட்டுவோர் அப்பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள்.

நம்மவர்க்கும் ஒரு சொல். கருவியின் நாட்காட்டி வளையத்தில் 354 அல்லது 355 துளைகள் இருந்திருக்கக் கூடும் என்று கிளாஸ்கோ ஆய்வாளர் இருவர் 2024இல் கணித்தனர். 354 சந்திர ஆண்டின் நாட்கள் என்றதும் ஹிஜ்ரி ஆண்டைக் கொண்டுபோய் அதில் ஒட்டுவது ஆராய்ச்சியன்று. வளையத்தில் பொறித்திருப்பவை எகிப்திய மாதப் பெயர்கள். அவ்வாண்டுக்கு நாட்கள் 365. வாதம் இன்னும் தீரவில்லை.

பொறி கிடைக்காத இடத்தில் அறிவும் இருந்ததில்லை என்று கொள்வது மற்றொரு பிழை. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாக மனனம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் தம் ‘காலசங்கலித’த்தில் பதிவு செய்தார். சந்திரனின் வேகம் 248 நாட்களில் ஒன்பது முறை ஏறியிறங்கும் என்பது அம்மரபின் அடிப்படை. அதே 248ஐப் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் காணலாம் என்று நோய்கெபௌவர் 1952இல் எழுதிய பிறகுதான் அறிஞருலகம் அந்தச் சோழிகளைத் திரும்பிப் பார்த்தது.