கடாரத்து அரசர்கள் யாருக்கு அடங்கியவர்கள்?

நிக்கோபார்த் தீவுகளுக்குச் சோழர் கல்வெட்டு தரும் பெயர் மாநக்கவாரம். முதலாம் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடல்கடந்த படையெடுப்பைப் பாடும் தஞ்சைப் பெரிய கோயில் மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிசயத்தில் தொடங்கி ஊர்களை அடுக்கிக்கொண்டே வந்து, கடாரத்துக்குச் சற்று முன் இத்தீவைச் சொல்கிறது. பிடிபட்ட கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனின் பெயர் அதில் உண்டு. நக்கவாரத்துத் தலைவன் எவன் பெயரும் இல்லை.  

சீனக் குறிப்புகளையும் கல்வெட்டுகளையும் ஒட்டவைத்து ஸ்ரீவிசயம் ஒரு பேரரசு என்று 1918-இல் நிறுவியவர் ஜார்ஜ் செதேஸ். அதன்பின் நீலகண்ட சாஸ்திரியார் அந்த அரசமரபைச் சோழர் ஆவணங்களோடு பொருத்திக் காட்டினார். ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட அம்மரபின் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த விகாரத்துக்கு, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் காலத்தில், இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் சொல்லும் இந்த நட்பு இருபது ஆண்டு தாக்குப்பிடித்தது. பிறகு கப்பல்கள் போயின. ஏன்? சாஸ்திரியார் கடல்வணிகத் தகராறையும் வெற்றிப்புகழ் வேட்கையையும் எண்ணிப் பார்த்தார். 1983-இல் ஜார்ஜ் ஸ்பென்சர், சோழர் விரிவாக்கத்தின் உயிர்நாடியே கொள்ளைதான் என்றார். எனக்கு ஸ்பென்சர் பாதிதான் சரி. கொள்ளையோடு முடிந்திருந்தால் அடுத்து நடந்தது விளங்காது.

1070-க்குச் சற்று முன், அடைக்கலம் கேட்டு வந்த அரசன் ஒருவனுக்காக வீரராசேந்திரன் கடாரத்தை வென்று அவனிடமே கொடுத்தான். அகஸ்டஸ் மௌரித்தேனியாவில் இரண்டாம் ஜூபாவை அமர்த்தியதும் இந்த வகைதான். ஆனால் ஜூபாவின் மகன் தாலமியைக் கி.பி. 40-இல் காலிகுலா கொன்றபின் ரோம் அந்நாட்டையே விழுங்கிவிட்டது. கடாரத்தைச் சோழர் விழுங்கவில்லை. 1090-இல் அந்நாட்டுத் தூதர் இருவர் வந்து கேட்க, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளின் ஊர்களுக்கு முதலாம் குலோத்துங்கன் வரிவிலக்கு அளித்ததைச் சிறிய லெய்டன் செப்பேடு சொல்கிறது.

இத்தனைக்கும் பிறகு, 1106-இல் சோங் அரசவையில் பர்மாவின் பாகன் தூதரைச் சோழத் தூதரைப் போலவே வரவேற்பதா என்ற பேச்சு எழுந்தபோது, சோழநாடு சன்ஃபோசிக்கு, அதாவது ஸ்ரீவிசயத்துக்கு, அடங்கியது என்று சீன அதிகாரிகள் எடுத்துக்காட்டினார்கள்! தஞ்சையின் மெய்க்கீர்த்தியை நம்பினால் கடாரம் தாழ்ந்தது; சீனத்து ஏட்டை நம்பினால் சோழன் தாழ்ந்தவன். இரண்டுமே அரசவைப் பேச்சு. என் கணக்கில் செப்பேடுகள்தான் நம்பத்தக்கவை. ஊரும் வரியும் எழுதுகிற இடத்தில் புலவனுக்கு வேலை குறைவு. அவற்றில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் தனக்கொரு காரியம் வைத்திருக்கும் அயல்வேந்தனாகவே நிற்கிறான்.

கடாரத்தானைச் சோழரின் சிற்றரசன் என்று எழுதுவோர், எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.