அடகு மீண்ட கோயில்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பித்தூளும் வாங்கித் திரும்பும் தமிழருக்குக் காளிகாட் மெட்ரோ பழகிய வழி. அதில் ஏறிச் சாந்தினி சௌக்கில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால், வங்காளிகள் 'லால் கிர்ஜா' என்று அழைத்த பழைய மிஷன் தேவாலயம் வரும். அதைக் கட்டிய கியர்நாண்டர் சுவீடன் நாட்டு லுத்தரன் குரு. 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்தவர். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கல்கத்தா வந்து சேர்ந்தார். பெரும்பாலும் தம் கைப்பணத்தைப் போட்டுக் கட்டி, 1770இல் கோயிலைத் திறந்தார். முதுமையில் கடன் அவரை மூழ்கடித்தது. 1787இல் கோயில் ஏலத்துக்குப் போகும் நிலை வந்தபோது, சார்லஸ் கிராண்ட் என்ற கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கட்டி அதை மீட்டார்.

மீட்பு என்றால் தமிழனுக்கு முதலில் நினைவு வருவது அடகு வைத்த நகைதான். கிறிஸ்தவம் பேசும் மீட்பும் அப்படித்தான். பாவம் மனிதனால் அடைக்க முடியாத கடன். கடன்படாத கிறிஸ்து தம்மையே கொடுத்து அதைத் தீர்த்தார். இதுவரை பெரும்பாலான சபைகள் ஒரே குரலில் பேசும். மீட்கப்பட்டவன் அதை எப்படிப் பெற்றுக்கொள்கிறான், பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

தமிழில் அச்சேறிய தொடக்க நூல்களில் ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கான கைநூல் என்பதைப் பலர் அறியார். முத்துக்குளித்துறைப் பரதவருக்காக அன்றீக் அடிகளார் எழுதிய 'கொம்பெசியோனாயரு' 1580இல் கொச்சியில் அச்சானது. மனஸ்தாபம், சங்கீர்த்தனம், பரிகாரம் என்று கத்தோலிக்க மரபு மூன்று படி வைக்கிறது. திருடியவன் குருவிடம் அழுதால் மட்டும் போதாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த மரபின் பெரிய வலிமை இதுவே என்பேன்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு கொண்டுவந்தது லூத்தரின் மரபு. விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு. நற்செயல் அதன் கனி, விலை அன்று. இந்தக் கிருபையைத் தமிழ்க் காவியமாக்கியவர் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. சரணாகதியைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நெஞ்சுக்குக் கிருபை அந்நியமாக இருந்திருக்காது. கத்தோலிக்க, லுத்தரன் மரபுகளுக்கு இடையே நானூறு ஆண்டுக்கு மேல் நீடித்த இந்த வழக்கில் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கை கையெழுத்தானது. அடிப்படை உண்மைகளில் இருவருக்கும் கருத்து ஒன்றே என்றார்கள்.

பாப்டிஸ்டுகளுக்கு, தானே அறிந்து மனந்திரும்பியவனுக்கே முழுக்கு. 1800 டிசம்பர் 28 அன்று செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் வில்லியம் கேரி முழுக்குக் கொடுத்த தச்சர் கிருஷ்ண பால் அவர்களுடைய வங்காளத்து முதல் கனி. பெந்தெகொஸ்தே சபைகளில் 'இரட்சிக்கப்பட்ட நாள்' சாட்சியாகச் சொல்லப்படும். கேரளத்துச் சிரியன் மரபுக்கோ பாவம் குற்றத்தைவிட நோய். இரட்சிப்பு அதற்கு மருந்து.

இவற்றை எந்த உரைகல்லில் தேய்ப்பது? நற்செய்தியிலேயே ஒன்று இருக்கிறது. ஆயக்காரன் சகேயு மன்னிப்புப் பெற்ற நாளில், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மன்னிப்பு, தீங்கிழைக்கப்பட்டவர் வீட்டு வாசல்வரை போக வேண்டும். கிருபையை எவ்வளவு உயர்வாகப் பேசினாலும் அந்த வாசலுக்குப் போகாத போதனையை நான் குறையுள்ளது என்றே சொல்வேன்.

தமிழ்ச் சபை இந்த உரைகல்லில் தோற்ற இடம் சாதி. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், இங்கே செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டியவர், தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டை உடனே, முழுமையாக விடுங்கள் என்றார். திருவிருந்தில் பாத்திரம் ஒன்று, பந்தி ஒன்று என்பதை ஏற்காமல் பலர் சபையை விட்டே விலகினர். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்றும் கிறிஸ்தவர்களுக்குச் சாதிவாரியாகத் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.