ஆண்டு மறைந்த விளக்கவுரைகள்

சென்ற பருவத்தில், இருபத்தொன்பதாம் சங்கீதத்தைக் குறித்து மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை திருத்துவதற்காக நம் கைக்கு வந்தது. நடை தெளிவாயிருந்தது, உழைப்பும் புலப்பட்டது. அடிக்குறிப்புகள் பதினான்கு. அவை யாவும் இணையதளங்களின் பெயர்களே. நூலாசிரியர் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு குறிப்பையும் தொடர்ந்து சென்று பார்த்தோம். அப்பெயர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் மத்தேயு ஹென்றி, ஜான் கில், ஆல்பர்ட் பார்ன்ஸ், அகராதி தொகுத்த ஈஸ்டன் ஆகிய நால்வர். இவர்களில் ஒருவரும் 1900ஆம் ஆண்டைக் கண்டவர் அல்லர். ஹென்றி 1714இலேயே மறைந்தார். ஆயினும் மாணவர் அவர்களை அறிமுகப்படுத்தியிருந்த சொற்கள், "இன்றைய ஆய்வாளர் கருதுவதாவது" என்பதாகும்.

மாணவர் நம்மை ஏமாற்றவில்லை. அவரே ஏமாந்திருந்தார். நம் நூலகத்தில் ஹென்றியின் விளக்கவுரையை எடுப்பவர், அதன் பழுப்பேறிய தாளையும் பூச்சி அரித்த முதுகையும் கண்டே அதன் வயதை உணர்ந்துவிடுவார். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். இணையத்திலோ முந்நூறு ஆண்டுப் பழைய உரையும் நேற்று எழுதப்பட்ட உரையும் ஒரே எழுத்தில், ஒரே வெண்மையில் தோன்றுகின்றன. இணைய ஆதாரங்களைப் பற்றிப் பேசுவோர் அவற்றில் உள்ள பிழைகளைக் குறித்தே எச்சரிக்கின்றனர். இறையியல் மாணாக்கருக்கு அதனினும் பெரிய இடர் இந்த வயது மறைவே என்பது நம் கருத்து.

அக்கட்டுரை இதனால் இழந்தது யாது? 1928ஆம் ஆண்டில் சிரியாவின் கடற்கரையில் உழவர் ஒருவரின் ஏர் பண்டைய கல்லறை ஒன்றில் தட்டியது. மறு ஆண்டு அருகிலிருந்த ராஸ் ஷம்ரா மேட்டில் அகழாய்வு தொடங்கிற்று. உகரித் என்னும் பழம்பெரும் நகரமும், ஆப்பெழுத்துகள் பொறித்த களிமண் பலகைகளும் வெளிப்பட்டன. அவ்வெழுத்துகள் 1930இலேயே படித்தறியப்பட்டன. அதுவரை பாகாலைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் அவனை எதிர்த்தவர்களின் வாய்மொழியே. அப்பலகைகளில் அவனை வணங்கியவர்களே பேசினர். இடியைத் தன் குரலாகக் கொண்டவன், மேகங்களின்மேல் ஏறிவருபவன், தேவ புத்திரரின் சபையில் இடம் பெற்றவன் என்றெல்லாம் அவர்கள் அவனைப் பாடினர்.

இப்பொழுது இருபத்தொன்பதாம் சங்கீதத்தைத் திறந்து பார்ப்போம். முதல் வசனத்தில் அழைக்கப்படும் பலவான்களின் புத்திரர் யாவர்? ஹென்றி அவர்களைப் பூமியின் பெருமக்கள் என்று கொண்டார். நம் மாணவரும் அவ்வாறே கொண்டார். உகரித் ஏடுகளை அறிந்தவர்க்கோ அது தேவ சபையின் வழக்குச் சொல்லாக ஒலிக்கும். இச்சங்கீதம் ஆதியில் பாகாலுக்குரிய துதிப்பாடலாய் இருந்து பின்னர் இஸ்ரவேலரால் எடுத்தாளப்பட்டது என்று எச். எல். கின்ஸ்பெர்க் 1935இல் முன்மொழிந்தார். அம்முடிவை அனைவரும் ஏற்கவில்லை. நாமும் முழுமையாக ஏற்பதற்கில்லை. ஆயினும் இடியின் குரல் பாகாலுடையதன்று, கர்த்தருடையதே என்னும் வழக்காடல் இதில் உண்டு என்பதை அறியாமல் இச்சங்கீதத்தைப் பிரசங்கிப்பவர், இயற்கையின் அழகைப் பற்றிய அருளுரையோடு நின்றுவிடுவார். நம் மாணவர் அவ்வாறே நின்றுவிட்டார். அறுபத்தெட்டாம் சங்கீதத்தின் நான்காம் வசனத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. நம் பழைய திருப்புதல் வனாந்தரங்கள் என்று கூறும் இடத்தில், பிற்காலத்து ஆங்கிலத் திருப்புதல்கள் பல மேகங்கள் என்று கூறுவதற்குப் பின்னால் இப்பலகைகளும் உள்ளன.

பழையவையே இணையத்தில் மிகுந்திருப்பதற்குக் காரணம் பதிப்புரிமைச் சட்டம். ஐக்கிய அமெரிக்காவில் இக்காலத்துப் பழநூல்களுக்கு உரிமை தொண்ணூற்றைந்து ஆண்டுகள் நீடிக்கிறது. 1929இல் வெளிவந்தவை 2025 ஜனவரி முதல் நாளில்தான் பொதுவுடைமையாயின. ஆகவே கட்டணமின்றிப் பரவியுள்ள விளக்கவுரைகளும் அகராதிகளும் உகரித்தை அறியாத தலைமுறையினரின் உழைப்பே. சாக்கடல் சுருள்களும் (1947) நாக் ஹம்மாதி ஏடுகளும் (1945) அவர்களுக்குத் தெரியாதவை.

மாணாக்கர் பெரிதும் நாடும் பைபிள் ஹப் என்னும் தளத்தை இந்நோக்கில் ஆராய்ந்தோம். ஒரே வசனத்துக்குப் பல திருப்புதல்களையும் உரைகளையும் ஓரிடத்தில் வைத்திருப்பது மெய்யான உதவியே. கிராமத்துச் சேகரத்தில் பத்து நூல்களோடு ஊழியம் செய்யும் ஆயருக்கு அது ஒரு நூலகம். ஆனால் கில்லின் உரையும் எலிகாட்டின் உரையும் அடுத்தடுத்து நிற்கையில், அவர்களிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டென்பதை அப்பக்கம் தானாக உணர்த்துவதில்லை. அதனினும் வருத்தம் தருவது ஸ்ட்ராங்கின் எண்களை நம்மவர் கையாளும் முறை. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்டது ஓர் ஒத்தவாக்கிய அகராதி. ஆங்கில ஜேம்ஸ் அரசர் திருப்புதலில் ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று காட்டுவதே அதன் தலையாய நோக்கம். எண்ணின் கீழ் உள்ள வரிசை, அத்திருப்புதலில் அச்சொல் எவ்வெவ்வாறு பெயர்க்கப்பட்டுள்ளது என்பதன் பட்டியல். அதிலிருந்து தமக்குப் பிடித்ததொன்றைத் தெரிந்தெடுத்து, "மூலமொழியில் இதன் பொருள் இதுவே" என்று கூறுவது ஆராய்ச்சியன்று. தையர் 1886இல் வெளியிட்ட கிரேக்க அகராதியும் அங்குக் கிடைக்கிறது. எகிப்தின் பப்பைரஸ் ஏடுகளைக் கொண்டு புதிய ஏற்பாட்டின் சொற்களை டைஸ்மன் விளக்கத் தொடங்கியதோ 1895இல்தான்.

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் அறிக்கையிட வேண்டும். வல்லமை எனப் பொருள்படும் துனாமிஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தே டைனமைட் என்னும் பெயர் பிறந்தது என்று கூறி, சுவிசேஷம் பாறையைப் பிளக்கும் வெடிமருந்து எனப் பல பெந்தெகொஸ்தே ஞாயிறுகளில் நாமும் முழங்கியிருக்கிறோம். நோபெல் அவ்வெடிமருந்துக்கு உரிமை பெற்றது 1867இல். பவுலடிகளார் அதை எண்ணி எழுதியிருக்க இயலாது. சொல்லின் வேர் வேறு, வழக்கில் அதன் பொருள் வேறு என்பதை ஜேம்ஸ் பார் 1961இலேயே விரிவாக எடுத்துக்காட்டியும் நாம் அவரைப் படித்தது பிந்தித்தான்.

பழைய உரைகளோடு வரும் மற்றொன்று இதனினும் கடுமையானது. யூத சமயம் உயிரற்ற நியாயப்பிரமாணச் சுமை, பரிசேயர் யாவரும் மாயக்காரர் என்னும் சித்திரம் அவற்றில் பரவலாக உண்டு. ஈ. பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் அதனை ஆராயாமல் திரும்பச் சொல்வது கூடாது. நம் மாணாக்கர் அதனை இன்றும் நகல் எடுக்கின்றனர். பின்பு அது பீடத்திலிருந்து சபையாருக்குச் செல்கிறது. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளை அடிக்குறிப்புகளுக்கும் உரியது அல்லவா?

இணையமே வேண்டாம் என்று கூறும் நண்பர் சிலர் ஆசிரியர் அறையில் உண்டு. நாம் அவர்களோடு உடன்படோம். நம் நூலகத்தில் நன்கொடையாக வந்த நூல்களில் பாதி, மேற்கூறிய அதே விளக்கவுரைகள்தாமே! சினாய் மறையேட்டின் பக்கங்களை, நான்கு நாடுகளில் சிதறிக் கிடப்பவற்றை, 2009 முதல் எவரும் தம் மேசையிலிருந்தே ஒருங்கே காணலாம். முன்னொரு காலத்தில் இலண்டனுக்கும் லைப்சிக்குக்கும் சென்றவர்க்கும் கிட்டாத பேறு இது. கேம்பிரிட்ஜ் டிண்டேல் இல்லத்தின் ஸ்டெப் பைபிள், மூலமொழி கற்போருக்கு நன்கு உதவும். விவிலிய இலக்கியச் சங்கம் தன் வெளியீடுகளில் பலவற்றை, வருவாய் குறைந்த நாட்டினர்க்குக் கட்டணமின்றித் தருகிறது. இந்தியாவும் அதில் அடங்கும். இதை அறிந்த மாணவர் நம் வகுப்பில் ஒருவரும் இல்லை. தமிழ்ச் சபை வரலாறு எழுதுவோர்க்கு, தரங்கம்பாடி மிஷனெரிகளின் அச்சிட்ட அறிக்கைகள் ஹாலேயின் பிராங்கே நிறுவனத்தாரால் இணையத்தில் இடப்பட்டுள்ளன. அவை ஜெர்மன் மொழியில் இருப்பது நம் குறையேயன்றி அவர்கள் குறையன்று.

கேட்டதற்கெல்லாம் விடை எழுதித்தரும் செயற்கை அறிவுப் பொறிகளைப் பற்றியும் வினவுகின்றனர். அவற்றுள் ஒன்று தந்த நூற்பட்டியலோடு ஒருவர் நூலகத்துக்கு வந்தார். அதில் இரண்டு தலைப்புகளை எந்த நூற்பட்டியிலும் காண இயலவில்லை. ஹென்றி பழையவராயினும் மெய்யாகவே வாழ்ந்து எழுதியவர்.

அடிக்குறிப்பு ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பெயரும் நூல் முதலில் வெளிவந்த ஆண்டும் இருத்தல் வேண்டும் என்று இப்பருவம் முதல் கேட்டிருக்கிறோம். சங்கீதக் கட்டுரையை எழுதிய மாணவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்து, மாற்றம் எதுவும் செய்யாமல் ஆண்டுகளை மட்டும் சேர்த்து வரப் பணித்தோம். இரண்டு வாரங்கள் கழித்து வந்தார். பதின்மூன்று குறிப்புகளுக்கு ஆண்டு எழுதியிருந்தார். "இன்றைய ஆய்வாளர்" என்னும் சொற்களைத் தாமே அடித்திருந்தார். பதினான்காவது குறிப்புக்குரிய பக்கத்தில் எழுதியவர் பெயரோ காலமோ இல்லை என்றார். அப்படியானால் அதை என்ன செய்வது என்று அவர் கேட்க, இருவரும் அந்தப் பத்தியை மறுபடியும் படிக்கத் தொடங்கினோம்.