இருவரான மதுராந்தகன்

வரலாற்று நாவல்களை எடைபோடுவோர் பெரும்பாலும் ஒரே வினாவோடு அமைந்துவிடுகின்றனர்: இதில் மெய் எவ்வளவு, புனைவு எவ்வளவு? கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் (1950–54) பற்றிப் பேச்சு எழுந்தாலும் அதே கதைதான். குந்தவை மெய், நந்தினி புனைவு, வந்தியத்தேவன் மெய், பூங்குழலி புனைவு என்று மாணவர்க்கு ஒரு பட்டியல் சொல்லிக் கொடுத்தாயிற்று, ஆராய்ச்சியும் முடிந்தது! மெய்யாக வாழ்ந்த ஒருவரின் நெஞ்சைப் புனைவு மாற்றிவைத்தால், அது இப்பட்டியலில் எங்கே அகப்படும்?

வந்தியத்தேவனைப் பொறுத்தவரை கவலையில்லை. அவன் குந்தவையின் கணவன் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. அவனுடைய குறும்பும் துணிச்சலும் கல்கி தந்தவை. கல் பேசாத இடத்தில் கதை பேசுகிறது. அதனால் எவர்க்கும் இழப்பில்லை.

உத்தமசோழன் செய்தி அத்தகையதன்று. அவனுக்கு மதுராந்தகன் என்றும் பெயருண்டு. ஆதித்த கரிகாலன் இறந்தபின் குடிகள் அருள்மொழியை அரசேற்க வேண்டினர். தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை தான் விரும்புவதில்லை என அவன் மறுத்துவிட்டான். திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி இது. அரியணையை விரும்பியவனும் அதில் அமர்ந்தவனும் இங்கே ஒருவனே.

கல்கி அந்த ஒருவனை இருவராக்கினார். அரசுக்கு ஆசைப்பட்டுச் சதிகாரரோடு கூடும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் வயிற்றுப் பிள்ளையல்லன். உண்மைப் பிள்ளை, பூக்கட்டிச் சிவனுக்குத் தொண்டு செய்யும் சேந்தன் அமுதன். ஆசையெல்லாம் போலி மதுராந்தகனோடு போயிற்று. முடி மட்டும் அமுதனுக்கு வந்தது. கல்வெட்டுகள் கூறும் அரசர் வரிசை சிறிதும் பிறழவில்லை. முடிசூடிய மனிதன்தான் வேறொருவனாகிவிட்டான். கதைத் தொழிலில் இது பெருந்திறம் என்பதில் ஐயமில்லை.

இதனால் மறைவது யாது? கரிகாலன் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் எனப் பெயர் சொல்லி, அவர்தம் உடைமைகளைப் பற்றி அரசன் விடுத்த ஆணையைக் குறிக்கிறது. அஃது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 987. கொலை நிகழ்ந்தது 969ஐ ஒட்டி. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி உத்தமசோழன் ஆட்சி. கொலைகாரர் அத்தனை ஆண்டுகள் தண்டனையின்றி இருந்தனரா? இக்கேள்வியால்தான் நீலகண்ட சாஸ்திரியார் அவன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. கல்வெட்டுக்கு வேறு பொருள் கொள்வாரும் உளர். இராசராசன் தன் மகனுக்கு மதுராந்தகன் என்றே பெயரிட்டிருந்தான் என்பதையும் மறத்தற்கில்லை. பகைவன் பெயரைப் பிள்ளைக்கு இடுவார் உண்டோ? ஆக, வழக்கு இன்னும் தீரவில்லை. நாவலைப் படித்தவர்க்கோ அப்படியொரு வழக்கு இருப்பதே தெரிவதில்லை.

கொலை நிகழும் இடத்தைக் கல்கி எழுதியிருக்கும் முறையை இதனோடு ஒப்பிட வேண்டும். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது; எவர் கை குத்தியது என்பது இருளிலேயே நிற்கிறது. சான்று இல்லாத இடத்தில் அவரும் தீர்ப்புக் கூறவில்லை. புனைவு வரலாற்றுக்குக் காட்டும் மரியாதை அது. அதே கை உத்தமசோழனுக்கு மட்டும் முழு விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டது.

கலை நோக்கிலும் ஓர் இழப்புண்டு. பேரடியாராகிய தாய், அரசுக்கு ஏங்கும் மகன், கொலையின் நிழல் விழுந்த அரியணை, விட்டுக்கொடுத்த இளவரசனை நாளும் எதிரே காணும் வாழ்வு: நந்தினிக்கு ஈடான ஒரு பாத்திரம் இங்கே காத்திருந்தது. சேந்தன் அமுதன் நல்லவன். ஆனால் நெஞ்சில் போராட்டம் இல்லாதவன். முடிசூட்டு விழாவை ஒட்டி நாவல் நிறைவுறுவதால், பின்வந்த ஆண்டுகளில் அவன் இரவிதாசன் கூட்டத்தை என்ன செய்தான் என்று அவனைக் கேட்பாரில்லை.